குடிக்காமல் வைத்த கோப்பை

எங்கள் அலுவலகத்தின் கோபங்களையெல்லாம் பதினெட்டு ஆண்டுகளாய் ஆற்றி அமர்த்தி, இன்று அவையின் தலைமையை ஏற்றிருக்கும் ஹனாதி அம்மையார் அவர்களே! நான் என்ன உளறப்போகிறேனோ என்று மீசையைத் தடவியபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் கணவர் அபூ கைஸ் அவர்களே! பெற்ற பிள்ளைகளை எங்களிடம் ஒப்படைக்க வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! இன்று பணியில் சேரும் புதிய பொறியாளர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வஸ்ஃபியின் அன்பு கனிந்த ஸலாம்.

என் முன்னால் வைத்த காபியை ஏன் தொடவில்லை என்று ஒரு தாயார் கேட்கிறார். பொறுங்கள் அம்மா, சொல்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதும் மென்பொருளில் பிழை இராது. பேசும் பேச்சில் பிழையைத் தவிர வேறேதும் இராது. ஒருநாள் அகபா துறைமுக நகரிலிருந்து ஒரு விடுதி உரிமையாளர் திரையில் தோன்றி, வேலை எப்போது முடியும் என்றார். "ரெண்டு வாரத்துல குடுத்துடறோம்" என்றார் ஹனாதி அம்மையார். உடனே நான், "தப்பு. அஞ்சு வாரம் ஆகும். இவங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

நான் சொன்னது சரியா? சரி. கணக்கு சரியா? அதுவும் சரி. ஆனால் அறையில் இருந்த அத்தனை பேரும் அம்மையார் முகத்தையல்லவா பார்த்தார்கள்! அன்று மாலையே அவர் வேலையை விட்டுவிட்டார். நான் என்ன செய்தேன்? என் பக்கமே நியாயம் என்று பதினொரு ஆதாரங்களை வரிசைப்படுத்தி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சிரிக்காதீர்கள், அதை மன்னிப்பு என்றே நம்பினேன்.

மூன்று நாள். வாடிக்கையாளர் அழைத்தால் இதமாய்ப் பேச ஆளில்லை. இருவர் முட்டிக்கொண்டால் இடையில் நிற்க ஆளில்லை. நான்காம் நாள் குனாஃபா இனிப்புப் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். அபூ கைஸ் காபி கொடுத்தார். என் கை நடுங்கியது. சிந்திவிடுமே என்று கோப்பையை மேசையில் வைத்தேன்.

அபூ கைஸ் கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம் வழக்கத்தில் விருந்தாளி காபியைக் குடிக்காமல் வைத்தால் என்ன பொருள்? நீங்களே சொல்லுங்கள்! ஆம், கேட்க வந்ததைக் கொடுத்தால்தான் குடிப்பேன் என்று பொருள். பெண் கேட்கப் போகும் பெரியவர்களைப் போல நானும் வைத்துவிட்டேன்.

"இவன் ஏதோ கேக்க வந்திருக்கான் ஹனாதி" என்றார் அபூ கைஸ். "பொண்ணு கிண்ணு கேக்கறானா? நமக்கு இருக்கறது பையன்தானே."

"என்னப்பா, பன்னெண்டாவது ஆதாரமா?" என்றார் அம்மையார்.

"நீங்க திரும்பி வரணும் அக்கா."

"நீ சொன்னது சரிதானே. அப்புறம் நான் எதுக்கு?"

"சொன்னது சரி. பக்கத்துல உக்காந்து உங்க காதுல சொல்லியிருக்கணும். எல்லார் முன்னாடியும் உங்களத் தலைகுனிய வச்சுட்டேன். நீங்க இல்லாத ஆபீஸ்ல எனக்கு வேலையே ஓடல."

அவர் கண் கலங்கியது. வாய் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "காபி ஆறுது. குடிச்சுத் தொலை."

குடித்தேன். வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிறன்று அவர் வந்தார். முதல் வேலையாக விடுதிக்காரரை அழைத்து, "நான் சொன்ன தேதி தப்புங்க, அஞ்சு வாரம் வேணும்" என்றார். அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். அதே ஐந்து வாரம்தான்! என் வாயில் கசந்தது, அம்மையார் வாயில் இனித்தது.

இளைய தோழர்களே! இயந்திரத்தோடு பேசும் வித்தை கற்று வந்திருக்கிறீர்கள். அடுத்த மேசைக்காரரோடு பேசும் வித்தைக்கு எங்கே போவீர்கள்? இதோ, நான் தொடாத கோப்பை. ஒன்று கேட்கிறேன். பிழையைக் கண்டால் மறைக்காதீர்கள்; நாற்காலியை இழுத்துப்போட்டு, பக்கத்தில் அமர்ந்து சொல்லுங்கள். செய்வீர்களா? பின்வரிசை இன்னும் வாய் திறக்கவில்லை. செய்வீர்களா?

தலைவர் ஏதோ சொல்கிறார். "அதான் சரின்னுட்டாங்களே, குடி வஸ்ஃபி."

கை இன்னும் நடுங்குது அக்கா.

"சிந்தினா தொடச்சுக்கலாம். குடி."

குடிக்கிறேன். கேட்டதைக் கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, ஸலாம்.