குலவை முடிந்து கை இறங்கும் நேரம்

மேடையில் இருக்கும் மகளிர் பயிற்சி மையத் தலைவி ஹூரிய்யா அம்மையார் அவர்களே, கெய்ராவோடு புகைப்பட வகுப்பில் படித்த தோழிகளே, கடைசி வரிசையில் காபிக் கோப்பையும் கண்ணீருமாக உட்கார்ந்திருக்கும் எங்கள் தெருப் பெண்களே! கெய்ராவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் ஸலாம்.

நான் யமீனா. மணப்பெண்ணுக்கு உடை உடுத்தி நகை பூட்டுகிறவள். நம் அல்ஜீரியாவின் இந்த த்லெம்சென் ஊரில் என் வாய்க்குத் தப்பிய மாமியார் கிடையாது. அந்த வாய்தான் இன்று வெட்கப்பட்டு நிற்கிறது.

புகைப்படக் கலைஞர் கெய்ரா அவர்கள்! சொல்லவே நாக்கு கூசுகிறது. அவளுக்கு மூச்சு இருந்தபோது இந்தப் பட்டத்தை நம்மில் யார் சொன்னோம்? ‘கேமராக்காரி’ என்றோம். நான் ‘கிளிக்கு’ என்று கூப்பிட்டேன்.

தலை நரைத்த பிறகு வகுப்பில் சேர்ந்தாள். பெண்கள் மட்டும் கூடும் கல்யாண மண்டபத்தில் ஆண்பிள்ளை வந்து படம் எடுக்க முடியுமா? ஒரு பெண்தான் எடுக்க வேண்டும் என்றாள். நியாயம்தான். ஆனால் முதல் கல்யாணத்திலேயே மணப்பெண்ணின் ஜரிகையில் ஃபிளாஷ் பட்டுத் தெறித்தது. உடை சூரியன், முகம் அடுப்புக்கரி!

மறுநாள் என் கடைக்கு வந்தாள். குஸ்குஸ் அவிக்கிற பளபளப்பான பானைக்கு மணப்பெண் கிரீடத்தை மாட்டி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“மாப்பிள்ளை யாருடி, அகப்பையா?” என்றேன்.

“நீ சிரி. இந்தப் பானை கண்ணு கூசாம படத்துல விழுந்துட்டா எந்தப் பொண்ணும் விழுவா. அந்த வெள்ளைத் துணிய ஒசத்திப் பிடி.”

கை வலிக்கப் பிடித்தேன். ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பினாள், துணிக்குத் திருப்பினாள். எத்தனையோ படத்தைக் கெடுத்து, கடைசியில் வெளிச்சத்தை வழிக்குக் கொண்டுவந்தாள்.

அவளுக்குப் பிடிபடாதது ஒன்றுதான். நம் கை! குலவையிடும்போது நாம் வாயை மறைக்கிறோம் இல்லையா? அவள் சரியாக அப்போதுதான் அமுக்குவாள். படம் முழுக்கக் கைகள். “மூஞ்சிய எங்கடி வச்சுட்டு வந்தீங்க?” என்று திட்டுவாள். பிறகு கண்டுகொண்டாள். குலவை முடிந்து கை இறங்கிவிடும், சிரிப்பு மட்டும் இன்னும் இறங்கியிருக்காது. அந்த நொடிக்குக் காத்திருந்து எடுத்தாள். அடடா, எப்பேர்ப்பட்ட முகங்கள்! நாமா அவ்வளவு அழகு?

அப்புறம் அந்தப் பேச்சு கிளம்பியது. ஒரு கல்யாணப் படம் ஆண்களின் போன்களில் சுற்றியது. கெய்ராதான் கொடுத்தாள் என்றார்கள். அதற்குப் பிறகு அவள் மண்டபத்துக்குள் வந்தால், குலவை ஓய்ந்த பின்னும் கைகள் முகத்தைவிட்டு இறங்கவில்லை. யார் கை? உங்கள் கை, என் கை!

விருந்துக்கு வந்த ஒருத்தி தன் போனில் எடுத்த படம் அது என்று சில நாளிலேயே நமக்குத் தெரிந்துவிட்டது. கெய்ரா வீட்டுக்குப் போய், ‘தப்பாப் பேசிட்டோம்’ என்று சொன்னவர்கள் இங்கே கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

ஒருவரும் இல்லையா? முகத்தை மறைக்க அவ்வளவு வேகமாகப் போன கை, இப்போது எங்கே?

நானும் போகவில்லை. சந்தையில் பார்த்தபோது, “என்னடி கிளிக்கு, கோவமா?” என்று மட்டும் கேட்டேன்.

“கோவம் என்ன கோவம்? வெளிச்சத்துக்கு வகுப்பு இருக்கு. மறைச்ச கைய இறக்க வைக்க எங்க போய்ப் படிக்கிறது, யமீனா?”

புதினா என்ன விலை என்று கடைக்காரனிடம் கேட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை.

அவள் மகள் வஸீலா இப்போது அதே வகுப்பில், அதே கேமராவோடு சேர்ந்திருக்கிறாள். நாம் இன்று ஒரு வாக்கு கொடுப்போம். நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு இவளைக் கூப்பிடுவோம். இவளைப் பற்றி ஒரு சொல் வந்தால், வாயைத் திறப்பதற்கு முன் இவளிடமே போய்க் கேட்போம்.

வகுப்புச் சுவரில் மாட்ட இந்தக் கூட்டத்தைப் படம் எடுக்கப் போகிறாள். இதோ, கேமராவைத் தூக்கிவிட்டாள். அழுகை வருகிறது, தெரியும். வெட்கமாக இருக்கிறது, அதுவும் தெரியும். இருந்தாலும் கையை இறக்குங்கள், பெண்களே!

நானும் இறக்குகிறேன். எடு, வஸீலா.