காய்ந்த ஒழுங்கைகள்

— வலையைக் கழுவினா வெயில்ல விரிக்காமல் விடுவமே, மதுஷிகா? நீ ஊருக்கு வைச்ச உப்பெடுக்கிற தண்ணி மெசினுக்குள்ள இருந்த தாளெல்லாம் பாசி பிடிச்சு நாறினது. கழட்டிக் கழுவி, நல்லாக் காயவிட்டுத்தான் திரும்பப் பூட்டினனான்.

— எப்ப அண்ணா?

— பெரிய கிழமைக்கு முந்தி.

— நாலு மாசத்துக்கு மேல, இப்ப மடுத் திருவிழாவும் முடிஞ்சுது. எனக்கொரு போன் எடுத்திருக்கலாமே?

— நீ பேராதனைக் கம்பஸில சோதனையோட நிண்டனீ. சின்ன வேலைதானே எண்டு நினைச்சிட்டன்.

— இந்தப் படத்தைப் பாருங்கோ. அந்தத் தாளில ஒரு துண்டை வெட்டிக்கொண்டுபோய் மைக்கிரஸ்கோப்பில எடுத்தது. இது புதுசில. இது இப்ப.

— புதுசில வரிவரியாக் கிடக்கு. மற்றது ஒரே புள்ளி.

— அந்த வரிதான் ஒழுங்கை, உப்புப் போற சந்து. கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கை. ரெண்டு வகைத் துண்டை ஒரே சங்கிலியாக் கோத்த பொலிமர் அது. ஒண்டுக்குத் தண்ணி பிடிக்காது. மற்றதில மின்னேற்றம் இருக்கு, அதுக்குத் தண்ணி வேணும். சங்கிலியில கட்டுப்பட்டதால பிரிஞ்சு போகவும் ஏலாது. அதால ஒதுங்கி ஒதுங்கி நிண்டு நடுவில ஒழுங்கை விடும். கரண்ட் குடுத்தா உப்பு அதுக்குள்ளாலதான் வெளிய போறது.

— வெயிலுக்கு என்ன நடந்தது?

— ஈரம் போனால் மின்னேற்றத் துண்டெல்லாம் ஒண்டையொண்டு பிடிச்சு உருண்டை உருண்டையாக் கட்டிப்படும். நீங்கள் பாத்த புள்ளி அதுதான். ஒழுங்கை அறுந்துபோச்சு.

— திரும்ப ஊறப்போட்டா?

— ஊறும். ஒழுங்கை வராது. உப்புப் போக வழியில்லை, குடிக்கிற தண்ணியிலயே நிக்கும்.

— அதுதான் எங்கட ஓலைத்தொடுவாய்ச் சனமெல்லாம் திரும்பவும் லொறியில வாற பவுசர் தண்ணிக்குப் போனது.

— சனம் போகட்டும். அம்மா அதைத்தானே குடிச்சவ. கிட்னி பழுது, உப்பைத் தொடக்கூடாதெண்டு டொக்டர் சொன்ன மனிசி. கால் வீங்கினதும், இப்ப இந்த ஆசுப்பத்திரி வாட்டுக்குள்ள மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறதும் அந்தத் தண்ணியாலதான்.

— என்ர கையாலதான் பூட்டினனான், மாதாவே.

— ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. போன் எடுக்கேக்குள்ள எல்லாம் கேட்டனான், தண்ணி எப்பிடியம்மா எண்டு. இனிக்குது பிள்ளை எண்டுதான் சொன்னவ. அவவுக்கு நாக்கு மரத்துப்போச்சே?

— நாக்கு நல்லாத்தான் இருந்தது.

— அப்ப?

— நானும் பவுசர் தண்ணி அள்ளிக்கொண்டந்து வைச்சனான். தொடேல்லை. “அன்ரனி, உப்பெண்டு எனக்கும் தெரியும். ஊரெல்லாம் விட்டிட்டுது, நானும் விட்டா கம்பஸ்காரர் வந்து பிள்ளையின்ர மெசினைக் கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள்” எண்டவ.