சிவப்புச் சுவருக்குத் தட்டிய கை

...டாக்டரம்மா எல்லாத்தையும் அழகாச் சொல்லிட்டாங்க. கண்ணு மங்கிக்கிட்டு வர்ற பிள்ளைங்களைப் பெத்தவங்க நீங்க. உங்களுக்கு நான் புதுசா என்ன சொல்லிடப் போறேன்? முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டினவன். ஜனங்க எல்லாம் என் முதுகுக்குப் பின்னாடிதான் உக்காந்திருப்பாங்க. இப்படி எதிர்ல உக்காந்து மூஞ்சியைப் பார்த்தீங்கன்னா எனக்குப் பேச்சே வராது. அதனால, கருத்தெல்லாம் படிச்சவங்க சொல்லட்டும். நான் எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்ச கதையைச் சொல்றேன். சின்னதுதான்... கேக்குறீங்களா?

எங்க வீட்டு ஹால் நல்ல ரத்தச் சிவப்பு. அடுப்படி மஞ்சள். பாத்ரூம் கதவு கருநீலம். எம் பொண்ணு சிந்துஜா ரூம் கிளிப்பச்சை. வர்றவன் போறவன் எல்லாம், "என்ன டிரைவரே, இது வீடா, மிட்டாய்க் கடையா?"ம்பான். "உக்காருய்யா, ஒரு ஜிலேபி சாப்பிட்டுப் போ"ன்னுவேன்.

ஏன் அப்படி அடிச்சோம்? சிந்து எட்டாவது படிக்கையில டாக்டர் சொல்லிட்டார், கண் நரம்பு வாடிக்கிட்டே வருது, அழுத்தமான கலருன்னா மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தெரியும்னு. எஞ் சம்சாரம் லோகநாயகி அன்னைக்கே கடைக்குப் போயிட்டா. கடைக்காரர் எடுத்துக் காட்டினதுலயே எது ரொம்பக் கண்ணைக் குத்துதோ அதைத்தான் வாங்கினா.

சாயங்காலம் ஆனா ஆத்தாளுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு. "சிந்து, இது என்ன கலரு?" "சிவப்பும்மா." "இது?" "மஞ்சள்!" உடனே லோகு கை தட்டுவா பாருங்க... கல்யாண வீட்டுல கெட்டிமேளம் கேட்ட மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு வெள்ளையடிப்போம் இல்லையா? எங்க வீட்டுல வெள்ளை ஏது... பழைய கலரையே திரும்ப அடிப்போம். ஒரு வருஷம் லோகு கேட்டா, "ஹாலுக்கு ஆரஞ்சு அடிப்போமாடி?" சிந்து ஒரே பிடிவாதம். "வேணாம்மா. அதே சிவப்புதான் வேணும். எந்த ரூமையும் மாத்தக் கூடாது." சரி, பிள்ளைக்குப் புடிச்சுப் போச்சுன்னு நாங்களும் விட்டுட்டோம்.

போன வருஷம் லோகு போய்ச் சேர்ந்துட்டா.

சிந்துவுக்குக் கரூர்ல ஒரு பேங்க்ல டெலிபோன் பார்க்குற வேலை. அங்கேயே போய் மகளோட இருந்துக்கலாம்னு வீட்டை விக்கப் பார்த்தேன். புரோக்கர் சேது வந்தார். "அண்ணே, வர்ற பார்ட்டி ஹாலுக்குள்ள காலை வெச்சதும் கண்ணைப் பொத்திக்கிட்டு ஓடுது. சந்தன கலர் அடிங்கண்ணே."

"எஞ் சம்சாரம் பார்த்துப் பார்த்து அடிச்சதுய்யா."

"அண்ணி அடிச்சது அண்ணிக்கு அழகுண்ணே. வாங்குறவன் எதுக்கு உங்க வீட்டுல குடியிருக்கணும்?"

அந்தாள் சொல்றதும் நியாயம்தானே? ஆனா எனக்கு ஒரே பயம்... சந்தன கலர் அடிச்சா எம் பொண்ணு எப்படி நடப்பா? சுவர்ல முட்டிக்குவாளே! போன்ல சொன்னா அழுவா. முதல்ல ஹாலை மட்டும் அடிச்சுடுவோம், அவ வந்ததும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். சிவப்பு லேசுல அடங்குச்சா? மூணு கோட்டு இழுத்துச்சு.

சனிக்கிழமை சிந்து வந்தா. வாசல்ல செருப்பைக் கழட்டினா. பையை ஆணியில மாட்டினா. நான் கையை நீட்டிக்கிட்டு ஓடுறேன்... அவ மூக்கை உறிஞ்சினா.

"பெயிண்ட் வாசனை வருதே! பொங்கலுக்கு முன்னாடியே அடிச்சிட்டியாப்பா?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவளே சுவர்ப் பக்கம் திரும்பி, எனக்காக ஒரு சிரிப்புச் சிரிச்சா.

"அம்மா இருந்தப்ப மாதிரியே இருக்குப்பா. சிவப்பு நல்லாப் பளிச்சுன்னு இருக்கு."

...

சந்தன கலர் சுவருங்க அது.

பொய் சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. "ஆமாம்மா, சிவப்புதான்"னு சொன்னா முடிஞ்சு போச்சு. ஆனா வாயில வந்தது வேற. "சிந்து... இது சிவப்பு இல்லம்மா."

அவ சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. சுவரைத் தொட்டுப் பார்த்தா. அப்புறம் கீழே உக்காந்துட்டா.

"காலேஜ் சேர்ந்தப்பவே போயிடுச்சுப்பா."

"அப்போ சாயங்காலம் சாயங்காலம் அம்மா கேட்டாளே... சொன்னியேம்மா?"

"எந்த ரூம் என்ன கலருன்னு எனக்கு மனப்பாடம்ப்பா. மாத்தினா மாட்டிக்குவேன். அதான் மாத்தாதேன்னேன். அம்மா அப்படிக் கை தட்டுறப்ப... தெரியலம்மான்னு எப்படிப்பா சொல்றது?"

வருஷா வருஷம் டிப்போவுல கண் டெஸ்ட்டு. ஒரு தடவைகூட நான் ஃபெயில் ஆனதில்லைங்க. நான் ஃபெயில் ஆனது பத்தாங்கிளாஸ்லதான். ரோட்டுல ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வர்றதை அரை ஃபர்லாங்குக்கு முன்னாடியே பார்த்துடுவேன். எம் பொண்ணு முகத்தைப் பார்க்கத் தெரியல எனக்கு. பக்கத்து ரூம்ல நாங்க ரெண்டு பேரும் இருந்தோம். அந்தப் பிள்ளை மட்டும் தனியா இருட்டுல இருந்திருக்கா... எங்க சந்தோஷத்துக்குக் காவல் காத்துக்கிட்டு.

"மீதி ரூமையும் அடிச்சிடுப்பா"ன்னா. அடிச்சேன். மஞ்சள் போச்சு, நீலம் போச்சு, கடைசியாக் கிளிப்பச்சையும் போச்சு. ஒவ்வொண்ணும் போறப்போ "இப்ப எந்தக் கலருப்பா போகுது?"ன்னு அவ கேட்டா, நான் உள்ளதைச் சொன்னேன். லோகு கடைசி வரைக்கும் மகளுக்குச் சிவப்பு தெரியுதுன்னு நினைச்சே போயிட்டா. அது நல்லதா, கெட்டதா? எனக்கு இன்னைக்கும் பதில் தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா சொல்லட்டும்.

வீட்டை விக்குறதுக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்கணுமா வேணாமா? தாராளமா அடிங்க. சுவரு அது. எந்தக் கலரும் வாங்கிக்கும். ஆனா பெத்தவங்களே... நம்ம பிள்ளைங்களும் நமக்காகக் கலர் அடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. நாம கை தட்டுற இடம் எதுன்னு பார்த்து, அந்தக் கலரா அடிக்குதுங்க.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன். உங்க பிள்ளை "தெரியுது"ன்னு சொன்னா சந்தோஷப்படுங்க... வேணாம்னு சொல்லலை. ஆனா என்னைக்காவது ஒரு நாள், தயங்கித் தயங்கி, "தெரியலம்மா... தெரியலப்பா"ன்னு சொல்லும் பாருங்க...

அப்போ தட்டுங்க கையை.