ஓல்னேயில் கிடந்த கடைசி லிபெலூல்

என் கடையில் நல்ல முருங்கைக்காய் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வரக் கூடாது, மதாம். வெள்ளிக்கிழமை லா ஷப்பல் கடைத்தெரு முழுவதும் கோயிலுக்கும் கடைக்குமாக அலையும். நல்லதெல்லாம் வியாழக்கிழமையே போய்விடும். கேட்கிற எவருக்கும் இதை ஒளிக்காமல் சொல்லுவேன். வெள்ளிக்கிழமை வந்து நிற்கிறவருக்கும் சொல்லுவேன். முற்றலைப் பிஞ்சு என்று சொல்லித் தள்ளிவிடும் பழக்கம் இந்தத் தில்லையம்பலத்துக்கு இல்லை. ஆகவே நான் சொல்வதை நம்பி உங்கள் கோப்பில் எழுதிக்கொள்ளலாம்.

படகைப் பற்றிக் கேட்டீர்கள். லிபெலூல் என்பது அறுபதுகளில் மார்ன் ஆற்றங்கரைப் பட்டறை ஒன்றில் வார்த்த ஃபைபர் படகு. தும்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பார்க்க எருமை மாதிரி இருக்கும். முன்பக்கம் இரண்டு பேர் முடங்கிப் படுக்க ஓர் அறை, பின்பக்கம் பலகைக்குக் கீழே பெட்ரோல் எஞ்சின். பட்டறை எப்போதோ மூடிவிட்டது. ஆனால் அந்தப் படகுகளைத் தேடித் திரிகிற ஒரு கூட்டம் இன்னும் இருக்கிறது. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எவர் வீட்டுப் பின்வளவில், எந்தக் கொட்டிலுக்குள், எந்த முட்பற்றைக்குள் ஒன்று கிடக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அலைவார்கள். கண்டுபிடித்தால் பாசி பிடித்த படகைக் கையால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். எந்தத் திருகாணி பட்டறையில் போட்டது, எது பிறகு போட்டது என்று மணிக்கணக்கில் தர்க்கம் பண்ணுவார்கள். பிறகு போட்டதெல்லாம் அவர்களுக்குத் தீட்டு. கழற்றி எறிந்துவிட்டுத்தான் சோறு தின்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் றொஜர்.

என் தம்பி தனூஜன் அவரிடம் போய் ஒட்டிக்கொண்டான். உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன், ஒரு லீவு நாள் வில்லெத் கால்வாய்ப் பக்கம் நடக்கப் போன இடத்தில் இந்த மனிதர் படகு சுரண்டுவதைக் கண்டிருக்கிறான். வேலைக்கு ஆள் தேவையோ என்று கேட்கப் போனவன், கூலி கேட்க மறந்துவிட்டான். அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் அங்கேதான். கண்ணாடி இழைத் தூள் கையெல்லாம் ஏறி, சொறிந்து சொறிந்து வருவான். நான் ஏசி ஏசி நல்லெண்ணெய் பூசிவிடுவேன்.

"இதென்னடா விசர் வேலை?"

"அண்ணை, தண்ணியிலை இறக்கேக்கை நீங்களும் வாங்கோ. முதல் ஓட்டம் உங்களுக்குத்தான்."

"அப்ப கடையை ஆர் பாக்கிறது?"

நான் போகவில்லை. அன்றைக்குக் கொழும்பிலிருந்து சாமான் வந்திறங்கியது.

பெட்ரோல் எஞ்சின் படகில் ஒரு விஷயம் இருக்கிறது. பெட்ரோல் ஆவி பலகைக்கு அடியில் போய்க் குந்திக்கொள்ளும். கிளப்புவதற்கு முன்னால் ஒரு காற்றாடியை ஓடவிட்டு அதை வெளியே இழுத்துவிட வேண்டும். அந்தப் படகை முன்பு வைத்திருந்தவர் அப்படியொரு காற்றாடி பூட்டியிருந்தார். றொஜர் அதைக் கழற்றிவிட்டார். பட்டறையிலிருந்து வெளியே வந்தபோது லிபெலூலில் அது இருக்கவில்லையாம். தம்பிக்கு இதொன்றும் தெரியாது. றொஜர் கரையில் கமராவோடு நின்று, கிளப்பு என்று கை காட்டினார். அவன் சாவியைத் திருப்பினான்.

தீக்காய வார்டில் பல நாள் கிடந்துதான் போனான். முகம் முழுக்கக் கட்டு. கையைப் பிடிக்கக் கை இல்லை.

றொஜர் பொலிசுக்கு என்ன சொன்னார் என்பது உங்கள் கோப்பில் இருக்கும். பையன் சிகரெட் பற்றவைத்திருப்பான், படகில் பிழை இல்லை என்றார். தனூஜன் சிகரெட் மணம் வந்தாலே எழும்பிப் போகிறவன். விபத்து என்று முடித்தார்கள். எரியூட்டிய அன்று றொஜர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. "தனூஜனையும் லிபெலூலையும் ஒரே நாளில் இழந்துவிட்டேன்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். என் தம்பியைத் தராசில் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் அந்த ஃபைபர் கூட்டை வைத்து, சரி என்று பார்த்த மாதிரி. அவருடைய கணக்கு எனக்கு விளங்கியது. இந்த மனிதரிடம் உயிரை எடுத்துப் பிரயோசனம் இல்லை, இவர் உயிர் வேறெங்கோ கிடக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

நான் எந்த மனிதருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடையில் மட்டன் றோல் ஒரு தட்டம் நிறையச் சுற்றிக்கொண்டு அவர்களுடைய கூட்டத்துக்குப் போனேன். தம்பியின் ஆசையை அண்ணன் தூக்கிச் சுமக்கிறான் என்று நினைத்தார்கள். றொஜர் என்னைத் தில்லா என்று கூப்பிடத் தொடங்கினார். அவருக்கு ஒரு கனவு இருந்தது. உலகத்தில் மிச்சமிருப்பது ஒரு டசின் லிபெலூல் தேறும், அத்தனையையும் ஒரு கோடையில் வில்லெத் தண்ணீரில் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்பார். டாக்டர்மார் ஏற்கெனவே இரண்டு தடவை நெஞ்சில் கத்தி வைத்த மனிதர். நான் தலையாட்டிக்கொண்டு இன்னொரு றோல் வைத்தேன்.

அவர்கள் வருடக்கணக்காகத் தேடியதை நான் மாதக்கணக்கில் கண்டுபிடித்தேன். இதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. திரான்சி, பியர்ஃபித், ஓல்னே என்று எங்கள் சனம் இல்லாத ஊர் இல்லை. ஒருவன் பார்சல் போடுவான், ஒருவன் மதில் கட்டுவான், ஒருத்தி கிழவிகளைப் பராமரிப்பாள். ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கமும் எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். என் கடைக்கு அரிசி மூட்டை ஏற்றுகிற லவனிடம் படத்தைக் கொடுத்து, இப்படி ஒன்றைக் கண்டால் சொல் என்றேன். அவன் நாலு பேரிடம் சொன்னான். முதலாவது பியர்ஃபித்தில் ஒரு விதவையின் தோட்டத்தில், கொடி மூடிக் கிடந்தது. நானே எடுத்துக்கொண்டுபோய் விடுகிறேன் என்றதும் அந்த அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். இந்த நாட்டில் பழைய படகுகளைக் காசு வாங்காமல் உடைத்துத் தருகிறார்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் நம் பாடு. நான் கூடவே போய் நின்று பார்த்தேன். இயந்திரத்தின் இரும்புப் பல் படகுக்குள் இறங்கும்போது முட்டைக்கோது நொறுங்கும் சத்தம்தான் வந்தது.

பிறகு அந்த உடைக்கிற இடத்துக்கு றொஜரைக் கூட்டிக்கொண்டு போனேன். "பிந்திவிட்டோம், றொஜர்" என்றேன். அவர் குப்பைக்குள் குனிந்து ஒரு துண்டை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அது இனித்தது, மதாம். மறைக்க மாட்டேன். தம்பி போனபிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்படியே ஒவ்வொன்றாக. ஒவ்வொரு தடவையும் நான்தான் கண்டுபிடிப்பேன், ஒவ்வொரு தடவையும் யாரோ முந்தியிருப்பார்கள். றொஜர் மெலிந்துகொண்டு வந்தார். என் தோளில் சாய்ந்து அழுதார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், சீனி போடாமல், அவருக்கு நீரிழிவு. நான் பார்த்த மாதிரி அவரைச் சொந்தப் பிள்ளையும் பார்த்திருக்காது.

கடைசி ஒன்றை அவரே கண்டுபிடித்துவிட்டார். அதுதான் நான் எதிர்பார்க்காதது. சனிக்கிழமை பின்னேரம் கடைக்குள் ஓடி வந்தார். மூச்சு வாங்குகிறது, முகம் பிள்ளையின் முகம். ஓல்னேயில் கால்வாய்க்கரையில், மூடிக் கிடக்கிற களஞ்சியம் ஒன்றின் பின்னால், பற்றைக்குள் ஒரு லிபெலூல். ஒரு திருகாணிகூட மாற்றாதது. நாளை மத்தியானம் ட்ரெய்லரோடு போய் ஏற்றுகிறேன், இது ஒன்றே போதும் தில்லா, இதோடு நான் சாகலாம் என்றார்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஒன்று மிஞ்சினாலும் என் தம்பி வீணாகப் போனவன் ஆகிவிடுவான். உடைக்கிற இடமோ ஞாயிற்றுக்கிழமை பூட்டு. எனக்கு இருந்தது ஒரு காலைப்பொழுது.

காலையில் போனேன். யாரும் இல்லை. அறைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டேன். எந்த நீதிபதியும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பதில் இல்லை. பின்பக்கத்தில் தீ வைத்தேன். ஃபைபர் பிடித்துக்கொண்டால் நிற்காது, கறுப்பாக எழும்பும். பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்கு வந்து நின்றேன்.

சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னமே வருவார்கள். அதை நான் யோசிக்கவில்லை. றொஜர் ட்ரெய்லரைக் குறுக்கே விட்டுவிட்டு ஓடினார். படகைக் காப்பாற்றத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் எனக்கும் உள்ளேயிருந்து அலறும் சத்தம் கேட்டது. அவர் அறைக் கதவைக் கையால் பிய்த்து, உள்ளே இருந்தவனை இழுத்து வெளியே போட்டார். லிபெலூலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் இப்படி ஓடியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போது அவருடைய இரண்டு கையும் தீக்காயக் கட்டுக்குள் இருக்கின்றன என்றீர்கள். எனக்கு அதில் கவலை வரவில்லை.

இழுத்துப் போட்டவன் பிழைக்கவில்லை. லோறன்ஸ், மன்னார் பெடியன், வந்து ஒரு வருடமும் ஆகவில்லை, இரவில் வெதுப்பகத்தில் பாண் சுடுகிற வேலை, தங்கியிருக்கப் பேப்பர் இல்லை. இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

லவனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறீர்கள். நல்லது. அவன் பொய் சொல்ல மாட்டான். சனிக்கிழமை நான்தான் அவனை அங்கே போய்ப் பார்க்கச் சொன்னேன். அவன் அங்கிருந்தே போன் எடுத்தான்.

"அண்ணை, படகு கிடக்குது. ஆனா உள்ளுக்கை ஆரோ படுக்கிறாங்கள் போல. கொடியிலை சேர்ட்டு காயுது."

"ஆரெண்டு பாத்தியோ?"

"இல்லை. எங்கடை கடைப் பை ஒண்டு தொங்குது, அண்ணை. எங்கடை ஆக்களாத்தான் இருக்கும்."

"சரி, நீ போ. நான் பாக்கிறன்."

காலையில் போய்ப் பார்த்தேன். பை தொங்கியது. ஏணிக்குப் பக்கத்தில் ஒரு சோடி செருப்பு, குதிகால் தேய்ந்தது. உள்ளே ஒருவன் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கதவைத் தட்டினேன், மதாம். பலமாக, உங்கள் பொலிஸ் ஆட்கள் தட்டுகிற மாதிரி. இலியா கெல்கன், யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டேன். சத்தம் நின்றுவிட்டது. பேப்பர் இல்லாதவன் காலையில் அப்படியொரு தட்டலும் பிரெஞ்சும் கேட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பான். நானும் கிடந்திருக்கிறேன், இந்த நகரத்துக்கு வந்த புதிதில். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் அவன் அசையவில்லை.

எட தம்பி, வெளியிலை வா என்று தமிழில் ஒரு சொல் போதும். எழும்பி வந்திருப்பான். வந்தால் அவனுடைய சாமான்களை இறக்க வேண்டும், போக ஓர் இடம் சொல்ல வேண்டும், அதற்குள் றொஜர் வந்து படகை ஏற்றியிருப்பார். அதனால்தான் பிரெஞ்சில் கூப்பிட்டேன்.