சிவப்புக் கோதுமை

– இரவீந்திரன், நேரை சொல்லு. குன்ஸ் ஐயா கேக்கிறது ஒரே ஒரு கேள்விதான். அந்த மருந்தை வளவுக்குள்ள வைச்சது நீயோ, இல்லையோ?

– சண்முகநாதண்ணை, முதல்ல பெல்லோ எப்பிடி எண்டு அவரைக் கேட்டுச் சொல்லுங்கோ.

– நாய் விடியவே செத்துப்போச்சாம். மிருக வைத்தியர் வயித்தை வெட்டிப் பாத்தவராம். உள்ளுக்குச் சிவப்புச் சாயம் போட்ட கோதுமை. எலி மருந்து.

– ஐயோ. நேற்றுப் பின்னேரம் என்ர சப்பாத்துக்கு மேல தலையை வைச்சுக்கொண்டு கிடந்தது அண்ணை. எழும்பேலாது. வால் மட்டும் ஆடினது.

– அழாதை. அவர் வேற மாதிரி நினைப்பார். உனக்கு மொழிபெயர்க்கத்தான் நான் லீவு போட்டிட்டு டீட்டிகோனில இருந்து ரெயில் ஏறி வந்தனான், விளங்குதோ? முதல்ல இருந்து சொல்லு. உந்த அகழெலிக் கதை என்ன?

– வளவு முழுக்க மண் கும்பி அண்ணை. நிலத்துக்கு அடியால தோண்டித் தோண்டிப் புல்லெல்லாம் நாசம். ஐயா பங்குனியில என்னைக் கூப்பிட்டு, உதுகளைக் கலை, ஆனா மருந்து மட்டும் வேண்டாம் எண்டு நாயையும் முயல் கூட்டையும் கையால காட்டினவர். எனக்கு டொச் பாஷை வராது. ஆனா அது விளங்கினது.

– பிறகு என்னெண்டு பிடிச்சனீ?

– விடியக் காலமை மண்வெட்டியோட அசையாமல் நிப்பன். மண் மெல்ல எழும்பும். எழும்பேக்க ஒரே பிரட்டில வாளிக்குள்ள போடுவன். கைக்குழந்தையின்ர கை மாதிரி அதுக்குக் கை அண்ணை. வாளியைப் போட்டுச் சுரண்டும். ஓடைக்கு அங்கால கொண்டுபோய் விட்டிட்டு வருவன். பதினொண்டு விட்டனான். பெல்லோவும் பக்கத்திலயே குந்தியிருக்கும். குலைக்காது.

– பொறு, ஐயா என்னவோ சொல்லுறார். மருந்துப் பெட்டி ஒண்டு கொட்டில் தட்டில கிடந்ததாம். பழைய சாமானாம். இப்ப காணேல்லையாம். கொட்டில் பூட்டின்ர திறப்பு உன்னட்டையும் வீட்டுக்குள்ளயும்தான் இருக்காம். என்னடா, அங்க என்னத்தைப் பாக்கிறாய்?

– திரேசா அம்மா யன்னலால பாக்கிறா.

– ஐயாவின்ர மனுசியோ? பாக்கட்டும்.

– அவவுக்கு நாய் செத்தது தெரியாது அண்ணை. சொன்னாலும் ஞாபகத்தில நிக்காது. காலமையில இருந்து நாயின்ர கோப்பையைத் தட்டித் தட்டிக் கூப்பிடுறா. ஒவ்வொரு நாளும் என்ர பேரைப் புதுசாக் கேப்பா. கேட்டிட்டு, சாப்பிட்டனியோ எண்டு கையால காட்டுவா.

– அவவின்ர கதையை விட்டிட்டு உன்ர கதையைச் சொல்லு.

– நான்தான் மருந்து வைச்சனான் எண்டு சொல்லுங்கோ.

– என்ன?

– நான்தான். கொண்டுபோய் விட்டதுகள் திரும்பித் திரும்பி வந்துது. அலுப்பில வைச்சிட்டன்.

– விசர்க் கதை கதையாதை. அகழெலி புழுத் தின்னுற சாமான், கோதுமையை மணந்தும் பாக்காது. பதினொண்டு பிடிச்ச உனக்கு அது தெரியாதோ? எண்பத்தைஞ்சில குடுத்த உன்ர அகதிக் கேஸ் இன்னும் பேர்ண் கந்தோரில கிடக்குது. அதுக்குக் குடுக்க, நல்ல வேலைக்காரன் எண்டு ஐயா எழுதித் தாறன் எண்ட கடிதத்தில இன்னும் கையெழுத்து விழேல்லை. வேலையும் போகும், கடிதமும் போகும். விளங்குதோ?

– விளங்குது. நீங்கள் சொல்லுங்கோ அண்ணை.

– சரி, சொல்லிப்போட்டன்.

– ஏன் முகத்தைப் பொத்துறார்?

– அழுறார். ஆனா கோவத்தில இல்லையடா. உனக்கு நன்றி சொல்லுறார்.

– எனக்கோ? ஏன்?

– திரேசாதான் வைச்சிருப்பா எண்டு காலமையில இருந்து நெஞ்சு பதறிக்கொண்டு இருந்தவராம். இனி அம்மாவை வீட்டில வைச்சிருக்கேலாது எண்டு மகள் முதியோர் விடுதியில இடம் எடுத்துப்போட்டாவாம். பின்னேரம் கார் வருதாம். நாப்பத்தாறு வருசம் ஒரு நாளும் பிரிஞ்சு படுக்காத சனமாம். இப்ப நீதான் எண்டபடியா, மகளுக்கு டெலிபோன் அடிச்சு எல்லாத்தையும் நிப்பாட்டப் போறாராம். உன்னை வேலையால நிப்பாட்டத்தான் வேணுமாம், ஆனா வெறுப்பில்லையாம். இண்டைக்கும் அவ வைக்கிற சூப்பைத்தான் குடிப்பன் எண்டு சொல்லிச் சொல்லிப் போறார், பார்.

– அண்ணை, அவரை மறியுங்கோ.

– உள்ளுக்குப் போயிட்டார். டெலிபோனை எடுக்கிறார். என்ன உனக்கு?

– நான் வைக்கேல்லை. நேற்றுக் காலமை திரேசா அம்மாதான் அந்தக் கோதுமையைச் சட்டை மடியில கொண்டுவந்து, கோழிக்குப் போடுற மாதிரி ஒவ்வொரு கும்பியிலயும் எறிஞ்சவ. நான் கண்டிட்டு ஓடிப்போய் அள்ளி அள்ளிப் புதைச்சனான். பெல்லோ எனக்கு முந்தித் திண்டிட்டுது. சொன்னா அவவை அனுப்பிப்போடுவினம் எண்டு பயந்துதான் என்ர தலையில போட்டனான்.

– இப்ப மாத்திச் சொன்னா, வேலைக்காகக் கிழவியைக் காட்டிக்குடுக்கிறாய் எண்டுதான் நினைப்பார்.

– நினைக்கட்டும் அண்ணை, ஓடிப்போய்ச் சொல்லுங்கோ. நான் அள்ளினது அரைவாசியும் இல்லை. வேலை செய்யேக்க மெல்ல எடுத்துப்போடலாம் எண்டு இருந்தன், இனி என்னை உள்ளுக்கு விடமாட்டினம். மிச்ச மருந்தோட அந்தப் பெட்டியை அவ சூப் வைக்கிற குசினிக்குள்ளதான் கொண்டு போனவ.