மஞ்சளாய் மினுங்கிய கட்டி

ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டதும், படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"மூளைக்குள்ள மஞ்சளா மினுங்குனத மட்டும் வெட்டி எடுத்தாவ, அண்ணாச்சி."

"மூளை எப்படிவே மினுங்கும்?" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

"எங்க அண்ணன் தலைக்குள்ள புத்துநோய்க் கட்டியில்லா! ஊசியில ஒரு சாயத்த ஏத்துனா கட்டி மட்டும் வெளிச்சத்துல மினுங்குமாம். அதப் பாத்துப் பாத்து வெட்டுவாவளாம்."

"சரிதான்."

"மறுநா காலைல பாத்தா, ஆளே மஞ்ச! கண்ணுகூட மஞ்ச. காமாலைன்னு பயந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால வாய்க்கா ஓரத்துல கீழாநெல்லிய வேரோட பிடுங்கிட்டு ஓடுனேன்."

"டாக்டர் வைதிருப்பாரே?"

"சிரிச்சாரு. சாயந்தான், ஒண்ணுக்குல போயிரும்னாரு."

"கட்டி இனி வராதுல்லா?"

"வரலாம்னுதான் சொல்லுதாவ. அது கெடக்கு, இதக் கேளுங்க. கட்டி வந்ததுலேருந்து அண்ணனுக்கு ஒரு பொருளுக்கும் பேர் சொல்ல வராது. தண்ணியக்கூட கையக் காட்டித்தான் கேப்பான். அன்னைக்கு என் கையில இருந்த செடிய உத்து உத்துப் பாத்தான்."

"ம்."

"'கீழாநெல்லி யாருக்குலே?'ன்னான்."