செம்புத் தொட்டியில் பூண்டு வாசம்

மடவளை ஹுஸைன் நானாவின் கடைப் பூண்டுக்கு வாசம் கொஞ்சம் தூக்கல். பல் சிறியது, உரிப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் நல்லெண்ணெயில் போட்டு வதக்கினால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பிரா வரைக்கும் மணக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். மூக்கையாவின் வீட்டுக்கு நான் ஒரு சாக்கு வாங்கிக் கொடுத்தேன்.

முதலியார் ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். வேண்டாத பேச்சு என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் தமிழில் சொல்வதை நீதவான் துரைக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே தயவுசெய்து பூண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சங்கிலி. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் வேலை. என்னை யாரும் பிடித்துக் கட்டிக் கொண்டுவரவில்லை. குண்டசாலை வழியாக நானே நடந்து வந்து கண்டியில் அரசாங்கக் கச்சேரி வாசலில் உட்கார்ந்தேன். மூக்கையாவும் அன்னலட்சுமியும் காமாலையில் செத்தார்கள் என்று உங்கள் ஆட்கள் முடித்துவிட்டார்களே, அது சரியில்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

காப்பி இலையில் மஞ்சள் நோய் விழுந்து தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போனது உங்களுக்குத் தெரியும். சில துரைமார் காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரம் நட்டார்கள், சிலர் கப்பலேறினார்கள். எங்கள் துரைக்கு மலையில் செம்புக் கல் கண்ணில் பட்டது. காப்பிப் பழத்தை ஊறவைத்துக் கழுவிய தொட்டிகள் ஸ்டோரில் சும்மாதானே கிடந்தன. கல்லை இடித்துச் சுட்டு, கந்தகத் திராவகம் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டால் செம்பு தண்ணீரில் இறங்கி, தண்ணீர் மயில்துத்தம் போல நீலமாகிவிடும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் விட்டுப் பழைய இரும்பைப் போட வேண்டும். லாடம், ஆணி, பீப்பாய்ப் பட்டை, எதுவானாலும் சரி. இரும்பு கரையக் கரைய, செம்பு சிவந்த சேறாக அடியில் படியும். அதை வழித்தெடுத்துக் காயவைப்போம். இரும்பு கொண்டுவந்தவரும் ஹுஸைன் நானாதான்.

வேலையைப் பழக்க வந்த வெள்ளைக்காரர் நல்ல மனிதர். போகும்போது எங்களை நிற்கவைத்துச் சொன்னார். திராவகத்தை அளந்து விடுங்கள், கூடினால் இரும்பு பொங்கும். இந்த மலைக் கல்லில் பாஷாணமும் கலந்திருக்கிறது, பொங்கும்போது ஒரு காற்று எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, தொண்டையை அடைக்காது. லேசாகப் பூண்டு மணக்கும், அவ்வளவுதான். மழையோ குளிரோ, யன்னல்கள் திறந்தே கிடக்கட்டும். பூண்டு மணந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடுங்கள், மற்றவரையும் இழுத்துக்கொண்டு ஓடுங்கள். மூக்கு அடைத்துப்போன சளிக்காரனைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். இவ்வளவுதான் பாதுகாப்பு. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

என் தம்பி கறுப்பையா அந்தத் தொட்டியில்தான் போனான். ஐப்பசி மழை, மலையெல்லாம் மூட்டம். அன்று யன்னல்கள் சாத்தியிருந்தன. அவனுக்குச் சளி வேறு, மணம் தெரியவில்லை; நாங்கள் கல் சுமக்க வெளியே போன நேரமெல்லாம் அவன் மட்டும் தொட்டியோடு நின்றான். சாயங்காலம் தலையிடி என்றான், வாந்தி எடுத்தான். மறுநாள் சிறுநீர் ரத்தமாகப் போனது. அப்புறம் கண்ணும் தோலும் மஞ்சளாகி, பிறகு வெண்கலம் மாதிரி கறுத்து, என் மடியில் தலைவைத்தபடியே அடங்கினான். ஊரிலிருந்து கடல் தாண்டி நடந்து வந்த மன்னார்க் காட்டுப் பாதையில் வாந்திபேதிக்குத் தப்பி வந்த பையன் அவன். எனக்கு வேறு யாரும் இல்லை.

மரண விசாரணைக்குப் பெரிய உத்தியோகத்தர் வந்தார். நான் காற்றைப் பற்றிச் சொன்னேன். யன்னலைச் சாத்தச் சொன்னது துரைதான் என்றும் சொன்னேன். அடுத்த சாட்சி மூக்கையா. அன்று எங்களோடு தொட்டியில் நின்றவன் அவன். ஒரே ஊர்க்காரன். காட்டுப் பாதையில் அவன் கால் வீங்கி விழுந்தபோது நானும் தம்பியும் மாறி மாறித் தூக்கி வந்தோம். முந்தின நாள் என் காம்பிராவில் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "கவலைப்படாதீங்கண்ணே, தம்பி பேரு கெடாம நான் பாத்துக்கிறேன்" என்றான்.

மறுநாள் எழுந்து நின்று சொன்னான்: "கறுப்பையா சாராயம் குடிப்பான் ஐயா. அதிகமாவே குடிப்பான். காமாலையிலதான் போனான். காத்துமில்ல, ஒண்ணுமில்ல."

என் தம்பி சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. குடியினால் வந்த காமாலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் மூக்கையா தொட்டிக் கங்காணி ஆனான். எனக்குத் திராவக ஜாடி தூக்கி அளந்து ஊற்றும் வேலை. லயத்தில் ஆட்கள் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றினார்கள். குடித்துச் செத்தவனின் அண்ணன் என்று ஒரு பார்வை. பெற்ற தாயே பால் என்று விஷத்தை ஊட்டினால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அழுகை வரவில்லை. நெஞ்சு முழுக்க ஒரு கசப்பு, தண்ணீர் குடித்தாலும் போகாத கசப்பு.

நான் மூக்கையாவோடு சண்டை போடவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. ஒரு நாள் மட்டும், "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "விடுங்கண்ணே, அதப் பத்திப் பேச வேண்டாம். உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றான். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

துரைக்கு மனு, கச்சேரிக்கு மனு என்று என்னவெல்லாமோ யோசித்தேன். யார் நம்புவார்கள்? காற்றைப் பிடித்து வந்து மேசைமேல் வைக்க முடியாது. கடைசியில் ஒன்று விளங்கியது. குடிக்காத ஒருவன், குடிக்க மாட்டான் என்று ஊரே சத்தியம் செய்யக்கூடிய ஒருவன், அதே மாதிரி ரத்தமாகப் பெய்து, அதே மாதிரி மஞ்சளாகிச் செத்தால், தம்பியின் சாவுக்கும் சாராயத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும். மூக்கையா பழனிக்கு மாலை போட்டுக் குடியை விட்டவன். இதைவிடத் தோதான ஆள் கிடைக்காது.

ஆனால் மூக்கையாவுக்கு நல்ல மூக்கு. லேசாக மணந்தாலே எல்லாரையும் வெளியே விரட்டிவிடுவான், கங்காணி வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தான். அதனால் காத்திருந்தேன். அவன் மனைவி பாப்பம்மாவுக்கு மாசம். பிள்ளையின் முகத்தை அவன் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எண்ணினேன். அந்த அளவு ஈரம் என்னிடம் இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்ததும் பூண்டுச் சாக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாப்பம்மா கண் கலங்கிவிட்டாள். "கோவமெல்லாம் போச்சாண்ணே?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் காலையும் மாலையும் பூண்டுதான். மூக்கையாவின் தலைமுடி, துண்டு, கம்பளி எல்லாமே மணந்தன. ஸ்டோருக்குள் அவன் வரும்போதே வாசம் முன்னால் வரும். பெண்கள் கேலி செய்வார்கள், அவனும் சிரிப்பான். சில நாட்களில் அந்த வாசம் எல்லாருக்கும் பழகிவிட்டது.

பிறகு ஒரு மழை நாள் வந்தது. காற்று வரும் பக்கத்து யன்னல்களை வெளியிலிருந்து ஆப்பு வைத்து இறுக்கினேன். சாரல் அடிக்கிறது, சேறு நனையும் என்று சொன்னேன். மூக்கையா, "கொஞ்ச நேரம்னா சரிண்ணே" என்றான். தொட்டியில் புது இரும்பு போட்டிருந்தது. திராவகத்தை நான் அளக்காமல் ஊற்றினேன்.

உள்ளே அவனும் அன்னலட்சுமியும்தான். அன்னலட்சுமி சேறு கிளறுகிறவள், கைம்பெண். தம்பி செத்தபோது எனக்குக் கஞ்சி கொண்டுவந்து தந்த ஒரே ஆள். நான் வாசற்படியில், காற்றோட்டமான பக்கம் ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் கழித்து மூக்கையா தலை நிமிர்ந்தான். "அண்ணே, பூண்டு மணக்குதே?"

"உன் மேலதான்டா மணக்குது. வீட்டுல பச்ச உடம்புக்காரிய வச்சுக்கிட்டு இங்க வந்து மோந்து பாக்குறியா?"

அவன் தோளிலிருந்த துண்டை மோந்து பார்த்தான். சிரித்துவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தான்.

"எனக்குந்தான் மணக்குது சங்கிலியண்ணே" என்றாள் அன்னலட்சுமி.

"அவன் பக்கத்துல நின்னா மணக்கத்தான் செய்யும்" என்றேன்.

அவளும் சிரித்தாள். தொட்டி சோறு கொதிக்கிற மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. வேலை முடிகிற மணி அடித்த பிறகுதான் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

அவளை மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். அனுப்பியிருக்கலாம். விறகு கொண்டுவா என்றால் போயிருப்பாள். அதையும் யோசித்தேன். ஒரு ஆள் செத்தால் விதி என்பீர்கள், கொழும்புக் காய்ச்சல் என்பீர்கள், யாருக்கும் தெரியாமல் குடித்திருப்பான் என்பீர்கள். ஒரு பெண்ணும் சேர்ந்து செத்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. ஒரு சாட்சியைவிட இரண்டு சாட்சி நல்லதில்லையா. கச்சேரியில் இருக்கிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா.

இரண்டு பேரையும் நான்தான் கூட இருந்து பார்த்தேன். இளநீர் கொடுத்தேன். சிறுநீர் சிவந்ததை ஊரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்கையா மஞ்சளானபோது அவனுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். என்னை வெகுநேரம் பார்த்தான். ஆனால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அது அவன் வழக்கம்.

அவ்வளவு செய்தும் உங்கள் உத்தியோகத்தர் வந்து இரண்டு உடலையும் எட்டி நின்று பார்த்துவிட்டு, லயத்தில் காமாலை பரவுகிறது என்று எழுதிக்கொடுத்துப் போய்விட்டார். இத்தனை பாடும் வீணா? ஆகவேதான் நடந்து வந்தேன். என்னைத் தூக்கில் போடுங்கள், அது உங்கள் வேலை. ஆனால் கறுப்பையா குடிகாரன் இல்லை, தொட்டிக் காற்றில்தான் செத்தான் என்று அந்தப் பழைய தீர்ப்பைத் திருத்தி எழுதுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

என்ன கேட்கிறீர்கள், முதலியார் ஐயா?

பாப்பம்மா அப்படியா சொன்னாள். அவள் இங்கே வந்தது எனக்குத் தெரியாது. பச்சை உடம்போடு இவ்வளவு தூரம் வந்திருக்கக் கூடாது.

சரி, அதையும் சொல்கிறேன். கறுப்பையா தொட்டியில் நின்ற அன்று யன்னலைச் சாத்தச் சொன்னது துரை இல்லை. துரை அன்று கண்டியில் இருந்தார். சாத்தியது நான். தம்பி குளிரில் வெடவெடவென்று நடுங்கினான், பல் கிட்டிப்போனது. பார்க்கப் பொறுக்கவில்லை. மூக்கையா, "வேண்டாங்கண்ணே, தொறந்து விடுங்க" என்று சொன்னான். நான்தான் அவனை அதட்டினேன். காற்றில் செத்தான் என்று அவன் விசாரணையில் சொல்லியிருந்தால், யன்னலைச் சாத்தியது யார் என்றுதான் அடுத்த கேள்வி வந்திருக்கும். துரை அன்று தோட்டத்தில் இல்லை என்பதும் வெளிவந்திருக்கும். தம்பியைக் கொன்ற அண்ணன் என்று நான் நின்றிருப்பேன். அதற்குப் பயந்துதான் என்னைக் காப்பாற்ற அவன் பொய் சொன்னானாம். செத்தவன் பேர் போனாலும் இருக்கிறவன் பிழைக்கட்டும் என்று பாப்பம்மாவிடம் சொல்லி அழுதானாம்.

இருக்கலாம். ஆனால் நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள் ஐயா. அன்று அவன் ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் நான் சிறைக்குப் போயிருப்பேன், அவனும் அன்னலட்சுமியும் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்கள். தப்பு யாருடையது என்று நீதவான் துரைக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லுங்கள்.